முழங்கையால் கொடுத்தால் செல்லாது

தெலுக் இந்தானில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிராணி வேலை பார்ப்பவள் நான். குமாஸ்தாவை எங்கள் மலேசியாவில் கிராணி என்றுதான் சொல்வோம். மேசைக்கு வந்த காகிதம் அன்றைக்கே நகர்ந்தால்தான் எனக்கு இரவுச் சோறு இறங்கும். இப்படிப்பட்டவளைத் திருவண்ணாமலைக்கு, அதுவும் கார்த்திகை தீப வாரத்தில், அனுப்பிவைத்த பெருமை என் அப்பாவைச் சேரும். தொண்ணூறுகள் முடியும் சமயம் அது. அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகியிருந்ததால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை.

அவர் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அவர் பிறந்த காலனியில், அவருடைய அக்கா மரியாளின் கல்லறை இருக்கிறது. அதன் தலைமாட்டில் பெயர் எழுதிய கல் ஒன்று வைக்க வேண்டும். அப்பா கப்பல் ஏறியபோது தன் இரண்டு ஆடுகளையும் விற்று அனுப்பியவள் மரியாள் அத்தை. அவள் இறந்தபோது அப்பாவால் போக முடியவில்லை. கல்லாவது போகட்டும் என்றார்.

நான் திட்டம் போட்டேன். கல் வாங்குவது ஒரு நாள், நடுவது ஒரு நாள், ஜெபம் அரை மணி நேரம். இதற்கு எட்டு நாள் லீவு எடுத்தது அதிகமோ என்று விமானத்தில் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் போய்விட்டது.

புதன்கிழமை காலை. ஊர் முழுக்க ஜனம். எங்கள் ஊரில் தைப்பூசத்துக்குக் கூட்டம் வரும். ஆனால் அந்தக் கூட்டம் ஒரு திசையில் போகும். இங்கே கூட்டம் எட்டுத் திசையிலும் போனது. செருப்பில்லாமல் மலையைச் சுற்றக் கிளம்பியவர்கள், சுற்றி முடித்தவர்கள், சுற்றும் வழியில் குடும்பத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள். லாட்ஜ் மேலாளர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"கிரிவலத்துக்குத்தானே வந்தீங்க?"

"இல்லைங்க. கல்லறைக்கு வந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரூம்ல ஒண்ணும் பண்ணிக்க மாட்டீங்களே?" என்றார். விளக்கம் சொல்லிச் சாவி வாங்கக் கால் மணி நேரம் ஆனது.

காலைச் சாப்பாடு ஒரு மெஸ்ஸில். இட்லியோடு வேர்க்கடலைச் சட்னி வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். எங்கள் ஊரில் அது கச்சான். மாலையில் காகிதக் கூம்பில் கொறிக்கிற சமாசாரம். அதை அரைத்து, தாளித்து, இட்லி மேல் ஊற்றுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வருடம் வீணாகிவிட்டது என்று தோன்றியது. ஆறு இட்லி சாப்பிட்டேன். காபி மட்டும் சின்ன டம்ளரில் மருந்து மாதிரி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் நுரை பொங்க ஆற்றிப் பெரிய குவளையில் தரும் தே தாரிக் டீயை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

சாப்பிட்ட கையோடு கல் வேலை செய்கிறவரைத் தேடிப் போனேன். பட்டறை முழுக்கப் பிள்ளையார்கள். கல் தச்சர் உளியை நிறுத்தாமலே கேட்டார்.

"எந்த சாமிம்மா?"

"சாமி இல்லைங்க. அத்தை."

உளி நின்றது. மேலே சிலுவை, கீழே மரியாள் என்ற பெயர், வேறொன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் தருவதாகச் சொன்னார். தந்தும் விட்டார். இந்தப் பயணத்தில் சொன்ன நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அது.

வியாழக்கிழமை காலனிக்குப் போனேன். ஏழுமலை என்ற ஆட்டோக்காரர் அழைத்துப் போனார். நெற்றி நிறைய விபூதி, கண்ணாடிக்கு மேலே அண்ணாமலையார் படம், வாய் ஓயாத பேச்சு. கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் என் சம்பளம், என் வயது, எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற மூன்றையும் கறந்துவிட்டார். மூன்றாவதற்கு என்னிடமே பதில் இல்லை என்பதை அவர் நம்பவில்லை.

காலனியில் சின்ன ஓட்டுச் சர்ச், அதை ஒட்டிப் போதகர் சாமுவேலின் வீடு. ஒல்லியான மனிதர். மூன்று ஊர்ச் சபைகளை ஒரு டிவிஎஸ் ஐம்பதை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார். அவர் மனைவி சுகந்தி அம்மா என்னைப் பார்த்ததும் இலை போட்டுவிட்டார். உட்கார்ந்ததும் இரண்டு தூக்குகள் வந்தன. ஒன்றில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். இன்னொன்றிலும் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்.

"இது எஸ்தர் வூட்லர்ந்து, இது சலோமி வூட்லர்ந்து" என்றார் சுகந்தி அம்மா. "ரெண்டையும் சாப்டுடுங்க. ஒண்ணு கம்மியா சாப்டீங்கன்னா விஷயம் வெளிய போயிடும்."

களியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். தெரியாமல் மென்றேன், பல்லும் நாக்கும் ஒட்டிக்கொண்டு சிறிது நேரம் பேச முடியாமல் இருந்தேன். அந்த நேரத்தில்தான் போதகர் விஷயத்தைச் சொன்னார். நான் எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருந்ததை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு வழி கிடையாது. ஊர்த் தெரு வழியாகக் காலனிப் பிணம் போகக் கூடாது என்பது பழைய சட்டம்; யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருந்தது ஊர்க்காரர் ஒருவருடைய நிலத்தின் ஓரமாகப் போன வண்டித்தடம். ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் அதையும் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். இப்போது ஏரி வழியாகத்தான் போக வேண்டும். கோடையில் நடக்கலாம். கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர்.

"மனு குடுக்கலையா?" என்றேன், நாக்கை விடுவித்துக்கொண்டு. என் பழக்கம் அது.

"குடுத்தோம். அதுதாம்மா கஷ்டம். ரெண்டு மனு."

வார்டு உறுப்பினர் சலோமி ஒரு மனு கொடுத்திருக்கிறார், நிலத்தின் வடக்கு ஓரமாக வழி வேண்டும் என்று. மகளிர் குழுத் தலைவி எஸ்தர் இன்னொரு மனு கொடுத்திருக்கிறார், தெற்கு ஓரமாக வேண்டும் என்று. இருவருக்கும் எந்த ஓரமானாலும் சம்மதம்தான். ஒருத்தி வடக்கு என்றதால் இன்னொருத்தி தெற்கு என்றாள். அதிகாரிகள் இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டி, 'உங்களுக்குள் பேசி முடித்து ஒரே மனுவாக வாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை இப்படி ஆகியிருக்கிறது. ஒரு கிராணியாக எனக்கு அந்த அதிகாரிகள் மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இருவருக்கும் என்ன சண்டை என்று கேட்டேன். போதகர் எழுந்து கை கழுவப் போனார். சுகந்தி அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

தடம் அடைபட்ட அன்றைக்கு முதலில் வந்தது எஸ்தருடைய புருஷனின் பெட்டி. முள்கம்பி அப்போது இன்னும் போடவில்லை. நல்ல மழை. நிலத்துக்காரர் பிணத்தை விட மாட்டேன் என்று சொல்லித் தன் டிராக்டரைத் தடத்துக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார். அந்த டிராக்டரின் டிரைவர் சலோமியின் புருஷன் ஏசுதாசன். இறந்தவரோடு சேர்ந்து வளர்ந்தவர், அதே சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கியவர். வேலை போய்விடும் என்று நிறுத்தினார். எஸ்தர் வண்டிக்கு எதிரே நின்று அழுதாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். கடைசியில் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள். நடுவில் ஒருவர் கால் வழுக்கி, பெட்டி ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்தது.

அடுத்த மாதமே ஏசுதாசன் அந்த வேலையை விட்டுவிட்டார். ஆனால் எஸ்தர் அதற்குப் பிறகு அந்த வீட்டோடு பேசவில்லை.

எனக்குக் களி இறங்கவில்லை. இருந்தாலும் இரண்டு தூக்கையும் காலி செய்தேன்.

வெள்ளிக்கிழமை கல்லை ஏற்றினோம். கல் தச்சர் எந்தக் கல்லையும் சும்மா அனுப்ப மாட்டாராம். சிலுவைக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, சூடம் காட்டித்தான் தூக்கிக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டடி உயரக் கறுப்புக் கல். ஆட்டோவில் என் காலடியில் குறுக்கே படுக்க வைத்தார்கள். நான் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் தீபம். போலீஸ்காரர்கள் முக்கால்வாசித் தெருவை அடைத்திருந்தார்கள். ஏழுமலை சந்து சந்தாக நுழைந்து கடைசியில் கூட்டத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சுற்றிலும் தலைகள். ஒரு அம்மாள் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். மாலையும் குங்குமமுமாகக் கறுப்புக் கல் தெரிந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் ஒற்றிக்கொண்டார். பிறகு வரிசையே வந்துவிட்டது. ஒருவர் தேங்காய் வைத்தார். ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். சின்னக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து கல்லின் மேல் ஒரு நிமிடம் உட்கார வைத்து எடுத்துப் போனார்கள்.

"ஏழுமலை, இது கல்லறைக் கல்லுன்னு சொல்லுங்க" என்றேன்.

"இப்ப சொன்னா பாவம்க்கா, மனசு கஷ்டப்படுவாங்க. பழம் நல்லா பழுத்திருக்குது பாருங்க."

சொல்லாமல் விட்டுவிட்டேன். மரியாள் அத்தை உயிரோடு இருந்தவரைக்கும் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடவில்லை என்று அப்பா சொல்வார். இன்றைக்கு முன்பின் தெரியாத நூறு பேர் அவள் பெயரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு நானும் ஏழுமலையும் ஆளுக்கு மூன்று பழம் சாப்பிட்டோம்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் ரோட்டில் புதிதாக ஒரு வேகத்தடை முளைத்திருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. ஏழுமலை அதைப் பார்க்கவில்லை. அப்போது அவர் என் கல்யாண விஷயத்துக்குத் திரும்பியிருந்தார். ஆட்டோ எகிறியது, கல் எகிறியது. அது வெளியே போய்விடாமல் இரண்டு கையாலும் பிடித்தேன். கல் என் விரல்களோடு சேர்ந்து சீட்டுக் கம்பியில் போய் மோதியது.

அங்கிருந்த ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். "எலும்புக்கு ஒண்ணும் ஆவல. நகம் ஒரு நாலு போவும்" என்று கம்பவுண்டர் தைரியம் சொன்னார். பஞ்சும் துணியும் வைத்து மணிக்கட்டுவரை உருட்டி உருட்டிச் சுற்றினார். முடிந்ததும் பார்த்தால் குத்துச்சண்டைக்குக் கிளம்பியவள் போல இருந்தேன்.

அன்றிரவு லாட்ஜுக்குத் திரும்பாமல் போதகர் வீட்டிலேயே தங்கிவிட்டேன். சனிக்கிழமை என்னைக் குழந்தை மாதிரி ஊட்டி வளர்த்தார்கள். காலையில் சுகந்தி அம்மா, மதியம் எஸ்தர், அதைக் கேள்விப்பட்டு அரை மணியில் சலோமி. எஸ்தர் ஐம்பது வயதுக்காரி, கட்டையான உடம்பு, கட்டளையிடும் குரல். உருண்டை உருட்டி வாயில் வைத்துவிட்டு, விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்ப்பாள். சலோமி அவளைவிட இளையவள், உயரம், சட்டென்று சிரிப்பாள். ஊட்டும்போது தானும் வாயைத் திறப்பாள்.

இருபத்திரண்டு வருடம் ஆசிரியர்களின் லீவுச் சண்டைகளைத் தீர்த்தவள் நான். இதென்ன பெரிய விஷயம் என்று மாலையில் சமாதானத் தூது கிளம்பினேன். எஸ்தர் வீட்டில் உறிஞ்சுகுழாய் போட்டு டீ கொடுத்தாள்.

"அவ மொதல்ல வரட்டும்" என்றாள்.

சலோமி வீட்டிலும் உறிஞ்சுகுழாய் போட்டு டீ கொடுத்தாள்.

"நான் போவேன்க்கா. போயி இன்னான்னு சொல்றது? அந்தப் பேச்ச எடுத்தாலே எனக்கு வாய் ஒலந்துடுது" என்றாள்.

ஏசுதாசன் வாசலில் ஒரு டயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது வாடகை டிராக்டர் ஓட்டுகிறார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே "கல்லு எவ்ளோ வெய்ட்டு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். ஆகக் கிடைத்தது இரண்டு டீ.

அன்று மாலை மலை உச்சியில் தீபம் ஏற்றியபோது காலனியே மாடியில் நின்றது. தூரத்தில் சின்னப் பொட்டாகத் தெரிந்தது. எஸ்தர் தன் மாடியிலிருந்து பார்த்தாள், சலோமி தன் மாடியிலிருந்து பார்த்தாள். நடுவில் சர்ச்சின் கூரை.

கீழே இறங்கும்போது போதகர் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். நாளை சர்ச்சில் நான் முன்வரிசையில், எஸ்தருக்கும் சலோமிக்கும் நடுவில் உட்கார வேண்டும்.

காரணம் இதுதான். நற்கருணை எடுப்பதற்கு முன்னால் அந்தச் சபையில் சமாதானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் ஆளின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து 'சமாதானம்' என்பார். அந்த ஆள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிப்பார். அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசிப் பாய்வரைக்கும் போக வேண்டும். கடைசி ஆள் கையைத் தூக்கிக் காட்டினால்தான் அப்பமும் திராட்சை ரசமும். நடுவில் யாரையும் தாண்டக் கூடாது. எஸ்தரும் சலோமியும் முன்வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் தொடவும் மாட்டார்கள். ஆகவே ஏழு வருடமாகக் கமலம் டீச்சர் நடுவில் உட்கார்ந்து ஒருத்தியிடமிருந்து வாங்கி இன்னொருத்திக்குக் கொடுத்துவந்தார். இப்போது அவர் மகளின் பிரசவத்துக்கு வேலூர் போய்விட்டார். வேறு யாராவது நடுவில் உட்கார்ந்தால், அவர்கள் எந்தக் கட்சி என்று கேள்வி வரும்.

"நீங்கதாம்மா வெளியூரு" என்றார் போதகர்.

பெருமையாகச் சம்மதித்தேன். என் கைகளைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோரைப்பாயில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பிரசங்கம் முடியும்போது கரண்ட் போய் மின்விசிறி நின்றது. போதகர் இறங்கி வந்து, ஆண்கள் பக்கம் முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு, சலோமியின் கையைப் பிடித்து "சமாதானம்" என்றார். சலோமி என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள். நான் என் இரண்டு மூட்டைகளை உயர்த்திக் காட்டினேன்.

அவள் பயந்து கையைப் பின்னால் இழுத்தாள். பிறகு யோசித்து, மெல்ல என் முழங்கையைப் பிடித்து "சமாதானம்" என்றாள். நான் எஸ்தர் பக்கம் திரும்பி மற்ற முழங்கையை நீட்டினேன்.

எஸ்தர் அதைப் பார்த்தாள். "பாஸ்டர் ஐயா, முழங்கை செல்லுமா?"

சபை முழுவதும் போதகரைப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் படித்த கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்து ஊரில் பதினோரு மணி ஆராதனை வேறு அவருக்காகக் காத்திருந்தது. ஆனாலும் மனிதர் நேர்மையானவர்.

"செல்லாது" என்றார். "கைதான்."

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஆண்கள் பக்கம் சமாதானம் எப்போதோ முடிந்து, கடைசித் தாத்தா தூக்கிய கையை இறக்காமல் வைத்திருந்தார். வாசல் வழியாக ஒரு ஆடு உள்ளே வந்து, காணிக்கைப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே போனது. என் நெற்றியில் வழிந்த வியர்வையை இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு முந்தானை துடைத்தது. நற்கருணை மாதம் ஒரு தடவைதான். மறுநாள் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனுநாள். நான் ஊர் திரும்ப மூன்றே நாள். சமாதானம் என் மடியில் நின்றுகொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

எஸ்தர்தான் முதலில் பேசினாள். யாரையும் பார்க்காமல், நேராகப் பீடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வண்டிய நிறுத்துனவன் மேலகூட எனக்கு அவ்ளோ கோவம் இல்ல. அவனுக்கு வவுத்துப்பாடு. நீயும் அங்கதானே இருந்த? அந்த வண்டிய எடுய்யான்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சலோமி அழ ஆரம்பித்திருந்தாள். "சொன்னேன்க்கா."

"எனுக்குக் கேக்கல."

"உனுக்குக் கேக்கற மாதிரி சொல்லல. நெலத்துக்காரர் காதுல வியுந்துடுமோன்னு பயந்துகினு வாய்க்குள்ளயே சொன்னேன். இன்னும் தூக்கத்துல சொல்லிகினுதான் இருக்கறேன். தப்புதான்க்கா. சத்தமா சொல்லியிருக்கணும்."

எஸ்தர் ஒரு பெருமூச்சு விட்டு, என் மடிக்குக் குறுக்கே சாய்ந்து, சலோமியின் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. பிடித்த பிடியில் நடுவில் இருந்த என் இரண்டு கைகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. நகம் போன நாலு விரலும் ஒரே நேரத்தில் நசுங்கின.

நான் அலறினேன். வாழ்க்கையில் அப்படி அலறியதில்லை. ஓடு அதிர்ந்தது.

"ஸ்தோத்திரம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மலேசியாம்மா மேல ஆவி எறங்கிடுச்சு!"

மறு நொடியே சர்ச் முழுக்க "அல்லேலூயா" ஆகிவிட்டது. சில பெண்கள் கைகளை உயர்த்தி அழுதார்கள். வலியில் நான் இன்னும் இரண்டு தடவை கத்த, உற்சாகம் ஜாஸ்தியானது. போதகர் அமைதி, அமைதி என்று கெஞ்சினார். அந்த அமளியில் எஸ்தர் தன் மறுபக்கம் இருந்தவளிடம் சமாதானத்தைக் கொடுத்துவிட்டாள். அது பாய் பாயாக ஓடிக் கடைசியில் ஒரு கை உயர்ந்தது. சலோமியின் கையை மட்டும் எஸ்தர் விடவில்லை. என் கையையும்தான்.

ஆராதனை முடிந்ததும் என்னிடம் ஜெபம் பண்ணிக்கொள்ள வரிசை நின்றது. விரலில் அடிபட்டதால்தான் கத்தினேன் என்று எவ்வளவு சொல்லியும் தாழ்மை என்றார்கள். கடைசியாக ஒரு அம்மாள் கறவை நின்றுபோன எருமையையே ஓட்டி வந்துவிட்டார். அரசாங்கப் பள்ளிக் கிராணியாகிய நான், இரண்டு மூட்டைக் கைகளையும் எருமையின் தலைமேல் வைத்து ஜெபித்தேன். எருமை என் கட்டை நக்கியது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். மனு போதகர் எழுதியது. கலெக்டர் ஐயாவையும் அவர் மனைவி மக்களையும் அவருடைய ஆடுமாடுகளையும் ஆசீர்வதித்துத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில்தான் வழி என்ற சொல்லே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு நான் சொல்லச் சொல்ல ஏழுமலையை எழுத வைத்தேன். விபூதிக்காரர் கையெழுத்தில் கல்லறைக்கு வழி கேட்டு மனு. எட்டே வரி. வடக்கோ தெற்கோ, வழி வேண்டும். கீழே சலோமி, எஸ்தர், இரண்டு கையெழுத்து.

வரிசையில் எங்களுக்கு நாலு ஆள் முன்னால் நிலத்துக்காரரே நின்றிருந்தார், ஏதோ மின்இணைப்பு விஷயமாக. அக்காளும் தங்கையும் மாதிரி ஒட்டி நின்ற இருவரையும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா, ஒண்ணா வந்துகினு இருக்கறீங்க?"

"ஒண்ணாதான் வருவோம்" என்றாள் சலோமி. நல்ல சத்தமாகச் சொன்னாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. எஸ்தர் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

மனுவுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். சர்வேயரை அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது என்று கேட்டேன். அந்த அலுவலகக் கிராணி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் அந்தப் புன்னகையை இருபத்திரண்டு வருடமாகப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆக, செவ்வாய்க்கிழமைக்குள் வழி வரப்போவதில்லை. புதன்கிழமை நான் கிளம்ப வேண்டும். கல்லைப் போதகரிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஏசுதாசன் வந்து நின்றார். தோளில் காற்றடைத்த டிராக்டர் டியூப். கல்லைத் தூக்கிக்கொண்டு போய் டியூப்பின் மேல் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, ஏரியில் இறக்கினார். மரியாள் அத்தை மிதந்தாள். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே போக, பின்னால் எஸ்தரும் சலோமியும் என்னை ஆளுக்கொரு தோளில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் இரண்டு மூட்டைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி, சரணடைந்தவள் போல நடந்தேன். பின்னால் போதகர் வேட்டியை எங்கே கட்டுவது என்று தெரியாமல் வந்தார். எஸ்தர் வழி முழுக்க, "சாய்க்காத, சாய்க்காத" என்று ஏசுதாசனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாள். ஏழு வருடத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கல்லை நட்டோம். போதகர் ஜெபித்தார். என் அப்பா கேட்டது நடந்துவிட்டது. நான் நன்றாக அழுதேன். துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால் சலோமி துடைத்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது ஏசுதாசன் நாலு அடி தள்ளி இன்னொரு மண்மேட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். அது எஸ்தருடைய புருஷனின் கல்லறை. பெயரில்லை, வெறும் மண். ஈரச் சட்டை ஒட்டிய உடம்போடு தலையைக் குனிந்தே நின்றார். எஸ்தர் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"இவருக்கும் ஒரு கல்லு சொல்லணும்" என்றாள். "பெருசா சொல்லப் போறேன். டியூப்பு தாங்காது."

"தோள்ல தூக்கிகினு வரேன்க்கா."

"ஒண்ணும் தூக்க வேணாம். வழி வுடுவாங்க. வுட்டதும் டிராக்டர்ல கொண்டா. அன்னிக்கு நிறுத்தன பாரு ஒரு எடத்துல, அந்த எடத்துல நிறுத்தாம ஓட்டிகினு வா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். கழுவிய முகத்தை மறுபடியும் கழுவினார். நாங்கள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை, நான்கூட.